கோபுரமா, முக்காலியா?

பங்குப் பள்ளியில் சாரணர் படை தொடங்கியதும், பொறுப்பாளரின் உள்ளத்தில் எழும் முதல் ஆசை, திருவிழாவிற்குள் கோவில் முகப்பில் கழிகளாலும் கயிறுகளாலும் ஒரு காவற்கோபுரம் எழுப்பிவிட வேண்டும் என்பதே. ஆசையில் குற்றமில்லை. ஆனால் கயிறு பிடிக்கக் கற்றுச் சில வாரங்களே ஆன சிறுவர்கள் கோபுரம் கட்டுவதில்லை. பெரியவர்கள் கட்டுகின்றனர், சிறுவர்கள் கழி எடுத்துக் கொடுக்கின்றனர். நிழற்படத்தில் அது அழகாயிருக்கும், பயிற்சி ஆகுமா?

1907-இல் பிரௌன்ஸீ தீவில் பேடன் பவல் நடத்திய முதல் முகாமில், சுமார் இருபது சிறுவர்களைச் சிறு அணிகளாகப் பிரித்து, ஒவ்வோர் அணியையும் அதன் தலைவனிடமே ஒப்படைத்தார். முதற் பணியைத் தேர்வதற்கும் அதுவே அளவுகோல்: ஓர் அணி, பெரியவர் கைபடாமல், ஒரே மாலையில் முடிக்கக் கூடியதாயும், பிறருக்குப் பயன்படுவதாயும் அது இருத்தல் வேண்டும்.

நாம் பரிந்துரைப்பது தண்ணீர்ப் பானை தாங்கும் முக்காலி. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள மூன்று சவுக்குக் கழிகளை அருகருகே கிடத்தி, மேல்முனைக்கு ஒரு முழம் கீழே, கயிற்றை மேலும் கீழுமாக நெய்தாற்போல் ஆறேழு முறை சுற்றிக் கட்டுவர். கால்களை விரித்து நிறுத்தினால், மேல்முனைகளும் தாமே விரிந்து பானைக்கு இடம் தரும். பின்னர்க் கால்களுக்கிடையே மூன்று குறுக்குக் கழிகள். அவற்றிற்கு ஆறு சதுரக் கட்டுகள். ஆறு பேர் கொண்ட அணியில் ஆளுக்கொரு கட்டு! கூச்சமுள்ள கடைசிச் சிறுவனுக்கும் தன் கட்டு எதுவெனத் தெரியும்.

சதுரக் கட்டில் பெரும்பாலோர் தவறுவது ஓரிடத்தில்தான். கழிகளைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றையும் இழுத்து இறுக்காமல், எல்லாவற்றையும் கடைசியில் இறுக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகின்றனர். இரு கழிகளுக்கும் இடையே செல்லும் இறுக்குச் சுற்றுகள் முன்னைய சுற்றுகளை நெருக்குமேயன்றி, தொய்ந்து கிடப்பதைச் சரிசெய்ய மாட்டா. தேங்காய் நார்க் கயிறு உள்ளங்கையை உறுத்தும். ஆயினும் நன்கு பற்றும். நைலான் வழுக்கும். வழவழப்பான மூங்கிலும் தொடக்கத்தில் வேண்டாம். வெடிப்பும் கரையானும் உள்ள கழிகளை முதலிலேயே ஒதுக்குக.

முக்கோணம் தானே உறுதியானது. நாற்கர நுழைவாயிலோ மூலைவிட்டக் கழிகள் இன்றிப் பக்கவாட்டில் ஆடும். முக்காலியில் ஒரு கட்டு நெகிழ்ந்தாலும் எவரும் உயரத்திலிருந்து விழப்போவதில்லை. முதலில் பிளாஸ்டிக் குடத்தில் நீர் நிரப்பி ஏற்றிப் பார்க்கலாம். நெகிழ்ந்த கட்டு எதுவென்பதைக் குடமே காட்டிவிடும். ஆசிரியர் கடிந்துகொள்ளத் தேவையில்லை.

கற்பிக்க ஆளில்லை என்போருக்கு ஒன்று கூறுவோம். கட்டடத்திற்குச் சாரம் கட்டுபவரும் பந்தல் போடுபவரும் நம் பங்கிலேயே இருக்கின்றனர். கடற்கரைப் பங்குகளில் கட்டுமரம் கட்டிய முதியவர்களும் உளர். ஆணியின்றி மரத்தைக் கயிற்றால் பிணைத்த அக்கலையின் பெயரைத்தானே ஆங்கிலேயரும் ‘கட்டமரன்’ என்று எடுத்துக்கொண்டனர்! அவர்களுள் ஒருவரை ஒரு மாலை அழைப்பீராக. தந்தையின் தொழிலை வகுப்பில் சொல்லக் கூசும் மகன், அவரை நண்பர்கள் ‘ஐயா’ என்றழைத்துக் கற்பதைக் காணட்டும். இது கோபுரத்தினும் பெரிதென்பது நம் எண்ணம். சாரணியர் படைக்கும் இதுவே பொருந்தும். பெண் பிள்ளைகளுக்குக் கயிறு எதற்கு என்போரை நாம் பொருட்படுத்துவதில்லை.

திருவிழா அசனத்தன்று பந்தலின் நான்கு மூலைகளிலும் நான்கு அணிகளின் முக்காலிகள் நிற்கட்டும். பானையை நிரப்பி வைப்பதும் அந்தந்த அணியின் பொறுப்பே. மறுநாள் கயிற்றை அறுக்காமல் அவிழ்த்து, நிழலில் உலர்த்திச் சுருட்டி வைத்தால், அடுத்த மாதம் அதே கழிகளைக்கொண்டு மறைக்கல்வி வகுப்பறை வாயிலுக்குச் செருப்பு அடுக்கு ஒன்று கட்டலாம்.