அந்தக் கடுதாசி யாருக்குப் போகுது?



விமானப் பாதுகாப்பு எபிசோடுக்காகப் படிச்சுக்கிட்டு இருந்தப்ப என் கஸின் ஒருத்தன் ஒரே வரியில தீர்ப்பு சொல்லிட்டான். "நம்மாளுங்க பெரியவங்களை எதிர்த்துப் பேச மாட்டாங்கடா. காக்பிட்லயும் சரி சார், சரி சார்தான். அதான் விழுது." வெளிநாட்டுல பொறந்து வளர்ந்த நம்ம செட்டுல இந்த விளக்கத்துக்கு நல்ல மவுசு. ஊர்ல எது சரியில்லைன்னாலும் 'கல்ச்சர்'னு ஒரு மூடியைப் போட்டு மூடிடலாம், மேற்கொண்டு எதையும் படிக்க வேண்டாம். எனக்கு இது எரிச்சலா இருக்கு. இந்தியாவோட ரெண்டு விபத்து விசாரணை அறிக்கைகள் இதுக்கு நேர்மாறா ஒரு கதையைச் சொல்லுது.

2010 மே 22, மங்களூர். துபாய்ல இருந்து வந்த ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. அங்க இருக்கிறது டேபிள்டாப் ரன்வே; குன்றைச் சமப்படுத்தி அது மேல போட்ட ஓடுதளம், கோடியில பள்ளம். விமானம் இருக்க வேண்டிய உயரத்தைவிட ரொம்ப மேல வருது. கோ-பைலட் "கோ அரவுண்ட்"ங்கிறார். அதாவது இறக்காதீங்க, மேல ஏத்தி ஒரு சுத்து வந்து மறுபடி முயற்சி பண்ணலாம்னு அர்த்தம். ஒரு தடவை இல்ல, மூணு தடவை சொல்றார். எச்சரிக்கைக் கருவியும் விடாம கத்துது. கேப்டன் இறக்கிட்டார். 158 பேர் செத்தாங்க, 8 பேர் பிழைச்சாங்க.

பத்து வருஷம் கழிச்சு, 2020 ஆகஸ்ட் 7, கோழிக்கோடு. அதே கம்பெனி, அதே ரக விமானம், மறுபடியும் துபாய், மறுபடியும் டேபிள்டாப். கொரோனா நேரத்துல வேலை போய், விசா முடிஞ்சு ஊர் திரும்பினவங்களை ஏத்திக்கிட்டு வந்த வந்தே பாரத் விமானம் அது. நல்ல மழை, பின்னாலிருந்து காத்து. 8,858 அடி ரன்வேயில 4,438 அடி தாண்டித்தான் சக்கரம் தரையைத் தொட்டுது. இங்கேயும் கோ-பைலட் "கோ அரவுண்ட்" சொல்லியிருக்கார். ரெண்டு விமானிகளையும் சேர்த்து 21 பேர் போனாங்க.

ஆக, ரெண்டு இடத்துலயும் சின்னவர் பேசினார். வாயை மூடிக்கிட்டு யாரும் இருக்கல.

கோழிக்கோடு அறிக்கை இன்னொன்னும் சொல்லுது: கேப்டன் கேட்கலைன்னா கோ-பைலட் தானே கட்டுப்பாட்டை எடுத்திருக்கணும், எடுக்கல. விதிப்படி சரிதான். ஆனா மழையில, ராத்திரியில, கண் முன்னாடி ரன்வே ஓடிக்கிட்டிருக்கும்போது, மூத்த கேப்டன் கையில இருக்கிறதைப் பிடுங்கறதுக்கு ஒருத்தனுக்கு விதி மட்டும் போதாது. பிடுங்கினா நாளைக்கு கம்பெனி என் பக்கம் நிக்கும்ங்கிற நம்பிக்கை வேணும். அந்த நம்பிக்கை பொறப்புலயோ ரத்தத்துலயோ வர்றதில்ல. நிர்வாகம் கொடுத்தா உண்டு, இல்லாட்டி இல்ல.

அந்த கேப்டன் ஏன் இறங்கியே ஆகணும்னு நினைச்சிருப்பார்? எனக்கு அந்த அறிக்கையிலேயே ரொம்ப உறுத்தின பகுதி இதுதான். மறுநாள் காலையில இன்னொரு விமானத்தை ஓட்ட வேண்டியவரும் அவரேதான். வேற ஊருக்குத் திருப்பியிருந்தா பணிநேர வரம்பு இடிச்சு அந்த ஃப்ளைட் நின்னிருக்கும். அப்போ கோழிக்கோட்டுல அந்த கம்பெனிக்கு 26 கோ-பைலட்டுகள், கேப்டன் ஒரே ஒருத்தர்! சாஃப்ட்வேர்ல இதை 'பஸ் ஃபேக்டர் ஒன்னு'ன்னு சொல்லிச் சிரிப்போம். இங்க அந்த ஒத்தை ஆள் பின்னாடி 180-க்கும் மேல பயணிகள் உட்கார்ந்திருந்தாங்க. ரோஸ்டர் போட்ட எக்ஸெல் ஷீட்டும் அன்னிக்கு அந்த காக்பிட்ல இருந்துச்சுன்னுதான் நான் சொல்வேன்.

இன்னும் ஒன்னு. மங்களூருக்கு அப்புறம் அமைச்சகம் ஒரு பாதுகாப்பு ஆலோசனைக் குழு அமைச்சது. அதுல இருந்த சென்னைக்காரர் கேப்டன் மோகன் ரங்கநாதன் 2011-லேயே அந்தக் குழுவோட தலைவருக்குக் கடிதம் எழுதினார். கோழிக்கோட்டுல, மழை நேரத்துல, பின்காத்து அடிக்கும்போது ரன்வே 10-ல விமானங்களை இறக்குறது உயிருக்கு ஆபத்துன்னு. 2020-ல நடந்தது அதே ரன்வே 10, அதே மழை, அதே பின்காத்து. இதுக்கும் 'நம்மாளுங்க எதிர்த்துப் பேச மாட்டாங்க'ன்னு சொல்வானா என் கஸின்?

சரி, வெள்ளைக்காரன் காக்பிட்ல மட்டும் சமத்துவம் பொங்கி வழிஞ்சுதா? 1977 டெனெரிஃப்ல, இன்னொரு விமானம் ஓடுதளத்தை விட்டு இன்னும் போகலையோன்னு ஃப்ளைட் இன்ஜினியர் சந்தேகமா கேட்டார். ஏற்கெனவே ஓட ஆரம்பிச்சிருந்த டச்சு கேப்டன் அதைத் தள்ளிட்டு ஓட்டத்தைத் தொடர்ந்தார். 583 பேர். அடுத்த வருஷம் அமெரிக்காவுல போர்ட்லாண்ட் பக்கத்துல ஒரு யுனைடெட் டிசி-8, கேப்டன் சக்கரக் கோளாறையே நோண்டிக்கிட்டு இருந்ததுல எரிபொருள் தீர்ந்து விழுந்துது. கூட இருந்தவங்க எரிபொருளைப் பத்தி சாடைமாடையாச் சொல்லிக்கிட்டேதான் இருந்தாங்க. அதுக்கப்புறம்தான், 1981-ல, யுனைடெட் குழுப் பயிற்சியை ஆரம்பிச்சுது. அவங்க டிஎன்ஏவை மாத்தல, ட்ரெய்னிங்கை மாத்தினாங்க.

அதைவிட முக்கியம்னு நான் நினைக்கிறது வேற ஒரு விபத்து. 1974 டிசம்பர் 1, வாஷிங்டன் பக்கத்துல டிடபிள்யூஏ விமானம் ஒன்னு மலையில மோதி 92 பேர் இறந்தாங்க. இறங்க அனுமதி கொடுக்கிற ஒரு சொல்லைத் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு சீக்கிரமே கீழ வந்துட்டாங்க. கொடுமை என்னன்னா, ஆறு வாரம் முன்னாடி அதே இடத்துல அதே குழப்பத்துல யுனைடெட் விமானம் ஒன்னு மயிரிழையில தப்பிச்சிருக்கு. யுனைடெட் தன் விமானிகளை எச்சரிச்சுது. டிடபிள்யூஏ விமானிகளுக்கு அந்தச் சேதி போய்ச் சேர வழியே இல்ல.

அதனால அமெரிக்காவோட எஃப்ஏஏ, தப்பிச்ச கதைகளையெல்லாம் எங்களுக்கு எழுதுங்க, தண்டிக்க மாட்டோம்னு 1975-ல அறிவிச்சுது. விமானிகள் நம்பல. லைசென்ஸைப் பறிக்கிற கை கேட்டா யார் எழுதுவா? உடனே அடுத்த வருஷமே வேலையை நாசா கிட்ட கொடுத்தாங்க. நாசாவால யார் லைசென்ஸையும் தொட முடியாது. வர்ற கடிதத்துல பேரையும் அடையாளத்தையும் எடுத்துட்டு, விஷயத்தை மட்டும் ஊருக்குச் சொல்லும். அதுதான் ஏஎஸ்ஆர்எஸ். இன்னிக்கும் ஓடுது. வேணும்னே பண்ணின தப்புக்கும், குற்றத்துக்கும், விபத்துக்கும் அதுல பாதுகாப்பு கிடையாது. ஆக 'எல்லாரையும் மன்னிச்சு விட்டுடறதா'ங்கிற பயமும் வேண்டாம்.

இந்தியாவுலயும் தானா முன்வந்து ஆபத்தைத் தெரிவிக்க வழி வெச்சிருக்காங்க. போய்ச் சேர்ற இடம் டிஜிசிஏ. லைசென்ஸைக் கொடுக்கிறதும் அவங்க, நிறுத்தி வைக்கிறதும் அவங்க. விபத்தை விசாரிக்க 2012-ல ஏஏஐபின்னு தனி அமைப்பு வந்துது. அதுவும் டிஜிசிஏ இருக்கிற அதே அமைச்சகத்துக்குக் கீழதான். ஓடுதளத்துல தப்பு இருந்தாலும், கண்காணிப்புல ஓட்டை இருந்தாலும், அதை எழுத வேண்டியவங்களும் எழுதப்பட வேண்டியவங்களும் ஒரே கூரைக்கடியில. விசாரணையோட நோக்கம் தடுப்பு மட்டுமே, பழி சுமத்துறது இல்லைன்னு சர்வதேச விதி தெளிவாச் சொல்லுது. ஆனா 2025 ஜூன்ல அகமதாபாத் விபத்துக்கு ஒரு மாசம் கழிச்சு முதற்கட்ட அறிக்கை வந்தப்ப என்ன ஆச்சு? எரிபொருள் சுவிட்சைப் பத்தி ரெண்டு விமானிகளும் பேசினதோட சுருக்கம் அதுல இருந்துது, யார் எதைச் சொன்னாங்கன்னுகூட இல்ல. அன்னிக்கு ராத்திரிக்குள்ள எங்க குடும்ப வாட்ஸப் குரூப்ல குற்றவாளியைப் பிடிச்சுட்டாங்க. இதையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்கிற ஒரு விமானி, நேத்து தனக்கு நடந்த சின்னத் தடுமாற்றத்தை நாளைக்கு டிஜிசிஏவுக்கு எழுதுவார்னு நான் நம்பல.

நான் கான்ட்ராக்ட்ல இருந்த ஒரு இடத்துல இதே நாடகத்தைப் பார்த்திருக்கேன். 'பழி இல்லாத போஸ்ட்மார்ட்டம்'னு டெம்ப்ளேட்ல பெரிய எழுத்துல போட்டிருக்கும். அதை நம்பி ஒரு பையன், கடைசி நிமிஷத்துல தப்பிச்ச ஒரு டேட்டாபேஸ் விவகாரத்தை விவரமா எழுதினான். மூணு மாசம் கழிச்சு அவனோட அப்ரைசல்ல அந்தப் பத்தி அப்படியே வந்து உட்கார்ந்திருந்தது. அதுக்கப்புறம் அந்த டீம்ல தப்பிச்ச கதைன்னு ஒன்னுகூட பதிவாகல. மேனேஜர் அதை ஸ்லைடுல முன்னேற்றம்னு காட்டினார்!

2023-ல ஏர் இந்தியா 470 விமானம், இண்டிகோ 500 விமானம்னு ஆர்டர் கொடுத்தாங்க. அதைக் கண்காணிக்க வேண்டிய டிஜிசிஏவுல பாதிக்கு மேல பணியிடங்கள் காலின்னு 2025-ல நாடாளுமன்றக் குழு சொல்லுது. அந்த இடங்களை நிரப்ப வருஷக்கணக்காகும். ஆனா கடிதத்தை வாங்குற பெட்டியை டிஜிசிஏ வாசல்ல இருந்து எடுத்து, யாரையும் தண்டிக்க முடியாத ஒரு இடத்துல வைக்க எத்தனை நாள் ஆகும்? ஒரு ஐஐடியோ, ஐஐஎஸ்சியோ போதும். ஓய்வுபெற்ற விமானிகள், கட்டுப்பாட்டு அலுவலர்கள் கொஞ்சம் பேர், ஒரு நல்ல சட்டப் பாதுகாப்பு. ஒரு விமானத்தோட விலையில இதைப் பல வருஷம் நடத்தலாம். ஏஏஐபியை அமைச்சகத்துல இருந்து பிரிக்கிறதும் நடக்கணும், ஆனா அதுக்கு அரசியல் சண்டை போடணும். பெட்டியை மாத்துறதுல இருந்து ஆரம்பிக்கலாம்.

ஏஎஸ்ஆர்எஸ் தரவுத்தளம் பொதுவுல இருக்கு, யார் வேணா இறக்கிக்கலாம். உங்கள்ல டேட்டா பக்கம் இருக்கிறவங்க இந்த வீக்கெண்ட் அதுல 'கோ அரவுண்ட்'னு தேடிப் பாருங்க. கேப்டனைப் பத்தி கோ-பைலட்டும், தன்னைப் பத்தி கேப்டனே எழுதினதும் கிடைக்கும். அடுத்த எபிசோட்ல அதுல சிலதைப் படிச்சுக் காட்டுறோம்.