வெட்கத்தை முதலாகப் போட்ட வியாபாரம்!

குழந்தை வாயில் வைத்துச் சப்பும் பிளாஸ்டிக் பொம்மை.

அதில் 'தாலேட்' என்ற ரசாயனம் ஆயிரத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. இது ஐரோப்பிய நாடுகள் 2005-ம் ஆண்டில் போட்ட சட்டம்.

அடுத்த ஆண்டு, 2006-ல், ஹாலந்து நாட்டில் 'கிரீன்பீஸ்' என்ற சங்கம் ஒரு சோதனை நடத்தியது. சோதிக்கப்பட்டவை பெரியவர்களுக்காக விற்கப்படும் 'பொம்மைகள்'. எட்டு சாமான்களை வாங்கிப் பார்த்தார்கள். ஏழில் தாலேட் இருந்தது!

எவ்வளவு? ஆயிரத்தில் ஒரு பங்கா? இல்லை. நூற்றுக்கு 24 பங்கு முதல் 51 பங்கு வரை! ஒரு சாமானில் பாதி எடை அந்த ரசாயனம்தான்.

குழந்தையின் பொம்மைக்குக் காவல் உண்டு. பெரியவர்களின் பொம்மைக்கு அன்று ஏன் காவல் இல்லை?

ஒரே காரணம்தான். வெட்கம்!

எந்தப் பொம்மை?

ஆங்கிலத்தில் 'செக்ஸ் டாய்' என்று சொல்லுகிறார்கள். தமிழில் 'அந்தரங்கச் சாதனம்' எனலாம். தாம்பத்திய வாழ்க்கையிலும், தனிமையிலும் உடல் இன்பத்துக்காக உபயோகிக்கும் கருவிகள் இவை.

மேல்நாடுகளில் இவற்றைக் கடையில் வைத்து விற்கிறார்கள். பெரிய கம்பெனிகள் தயாரிக்கின்றன. சொந்தப் பட்டறையில் கையால் வார்த்து விற்கும் சிறு தொழிலாளிகளும் இருக்கிறார்கள்.

இவற்றை வாங்குவது சரியா, தவறா என்பது அவரவர் மனச்சாட்சியைப் பொறுத்தது. ஆனால் வாங்குகிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் கையில் போய்ச் சேருவது என்ன? அதைச் சோதிப்பது யார்? இதுதான் கேள்வி.

உடலின் மிக மெல்லிய தோலில் படும் சாமான் இது. ஆனால் பல ஆண்டுகளாகப் பெட்டியின் மேல் ஒரு வரி அச்சிட்டு வந்தார்கள். 'வேடிக்கைக்கு மட்டும்' என்பதே அந்த வரி!

அதன் பொருள் என்ன? "இது சும்மா சிரிப்பதற்கு விற்ற சாமான். இதை நீங்கள் உபயோகித்தால் நாங்கள் பொறுப்பு அல்ல" என்பதுதான். உபயோகத்துக்காகவே செய்து, உபயோகத்துக்காகவே விற்று, உபயோகத்துக்கு அல்ல என்று எழுதி ஒட்டினார்கள்.

வாங்கியவன் புகார் செய்வானா? எந்த முகத்தோடு செய்வான்? வியாபாரி அதை நன்றாகத் தெரிந்து வைத்திருந்தான்.

எண்ணெய் போல் கசியும்

தாலேட்டை ஏன் சேர்க்கிறார்கள்?

வீட்டுக்குத் தண்ணீர் வரும் பி.வி.சி. குழாயைப் பாருங்கள். அது கல் போல் இருக்கும். அதே பி.வி.சி.யைத் தோல் போல் மிருதுவாக்க வேண்டுமானால், அதனுடன் எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்க வேண்டும். அதுதான் தாலேட். விலை மலிவு. வேலையும் சுலபம்.

ஆனால் தாலேட் பிளாஸ்டிக்குடன் இறுகச் சேருவது இல்லை. நாளடைவில் மெல்லக் கசிந்து வெளியே வரும். சாமான் பிசுபிசு என்று ஆகும். தாலேட்டில் சில வகைகள், இனப் பெருக்க உறுப்புகளுக்குக் கேடு செய்பவை என்று ஐரோப்பாவில் தீர்மானித்து இருக்கிறார்கள்.

டென்மார்க் அரசாங்கமும் 2006-ல் இதை ஆராய்ந்தது. எப்போதாவது உபயோகித்தால் பெரிய ஆபத்து இல்லை. ஆனால் அடிக்கடி உபயோகிப்பவர்களும், கர்ப்பிணிகளும், பால் கொடுக்கும் தாய்மார்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்பது அந்த ஆராய்ச்சியின் சாரம்.

சக்கர நாற்காலியில் பிறந்த தொழில்

இதற்கு மாற்று இல்லையா? உண்டு. அதைக் கண்டவர் பெரிய முதலாளி அல்ல. நடக்க முடியாத ஒரு தொழிலாளி!

அவர் பெயர் காஸ்னல் டங்கன். மேற்கு இந்தியத் தீவுகளில் ஒன்றான கிரெனடாவில் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார். 1965-ம் ஆண்டில் வேலை செய்யும் இடத்தில் விபத்து நேர்ந்தது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விட்டது. அதன் பிறகு சக்கர நாற்காலிதான் கதி.

உடல் ஊனமுற்றவர்களின் கூட்டங்களுக்கு அவர் போவார். வேலை, வீடு, படிக்கட்டு என்று எல்லாவற்றைப் பற்றியும் அங்கே பேசுவார்கள். தாம்பத்தியத்தைப் பற்றியும் பேச்சு வரும். "எங்களுக்கும் மனைவி உண்டு. எங்களுக்கும் ஆசை உண்டு" என்பதே அவர்களுடைய குறை.

அப்போது கடையில் கிடைத்த செயற்கை உறுப்புகள் ரப்பரில் செய்தவை. கொதிக்கும் வெந்நீரில் போட்டால் கெட்டுப் போகும். சுத்தமாக வைத்துக்கொள்ள முடியாது.

டங்கன் யோசித்தார். 'சிலிகோன்' என்ற பொருள் அவர் கண்ணில் பட்டது. ஒரு ரசாயன நிபுணருடன் கடிதப் போக்குவரத்து வைத்துக்கொண்டார். பல மாதம் பரிசோதனை நடந்தது. 1970-களின் தொடக்கத்தில் வெற்றி கிடைத்தது. நியூயார்க் நகரின் புரூக்ளினில், தம் வீட்டு நிலவறையிலேயே வார்த்து விற்றார்.

சிலிகோனுக்குத் தாலேட் தேவை இல்லை. அதில் நுண்ணிய துளைகள் இல்லை. அழுக்கு உள்ளே புகாது. வெந்நீரில் கொதிக்க வைக்கலாம். இன்று பால் புட்டியின் காம்பு கூடச் சிலிகோனில் வருகிறது.

டெல் வில்லியம்ஸ் என்ற அம்மையார் 1974-ல் நியூயார்க்கில் பெண்களுக்கு என்றே ஒரு கடையைத் தொடங்கினார். அதற்கும் காரணம் ஒரு வெட்கம்தான். அவர் முன்பு ஒரு பெரிய கடைக்கு உடம்பு பிடித்துவிடும் மின்சாரக் கருவி வாங்கப் போனார். எதற்கு என்று கடைப் பையன் உரக்கக் கேட்டுவிட்டான். அம்மையாருக்கு முகம் சிவந்தது. 'பெண்கள் கூசாமல் வாங்க ஒரு கடை வேண்டும்' என்று அன்றே நினைத்தார்.

டங்கனின் சரக்கு அந்தக் கடைக்கு வந்தது. வாடிக்கைப் பெண்களிடம் அம்மையார் கருத்துக் கேட்டார். ஆண் உறுப்பைப் போலவே இருக்க வேண்டியது இல்லை என்பது தெரிந்தது. அதன்படி டங்கன் புதிய உருவங்களை வார்த்தார்.

நாகமும் கடல் பிராணியும்

அன்று டங்கன் போட்ட பாதையில் இன்று பலர் போகிறார்கள். அமெரிக்காவின் அரிசோனாவில் 2008-ல் தொடங்கிய ஒரு கம்பெனி, கற்பனைக் கதைகளில் வரும் பறக்கும் நாகத்தின் பெயரையே வைத்துக்கொண்டது. அதன் சரக்குகள் கதைப் பிராணிகளின் உருவங்கள்!

சிறு பட்டறைக்காரர்களும் பெருகிவிட்டார்கள். சிலிகோன் இரண்டு திரவமாக வரும். இரண்டையும் அளந்து கலக்க வேண்டும். வர்ணம் சேர்க்க வேண்டும். காற்றுக் குமிழிகளைப் பம்பு வைத்து உறிஞ்ச வேண்டும். பிறகு அச்சில் ஊற்றினால் இறுகிவிடும். ஒரு சாமான் போல் இன்னொன்று இருக்காது. விலையும் அதிகம்.

ஆனால் கையால் செய்தது என்பதாலேயே நல்லது ஆகிவிடுமா? ஆகாது. ஒரு திரவம் குறைந்தால் சாமான் சரியாக இறுகாது. சிலர் முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் எடுத்த பொருளை அப்படியே விற்கிறார்கள். அதில் வரி வரியாகப் பள்ளம் இருக்கும். பள்ளத்தில் அழுக்குத் தங்கும். நல்ல தொழிலாளி அதை அச்சு செய்ய மட்டும் உபயோகித்து, அதில் சிலிகோனை வார்க்கிறான்.

நல்லது எது, கெட்டது எது என்று வாங்குகிறவர் எப்படி அறிவது?

விமர்சகர்கள் வந்தார்கள்

அரசாங்க இன்ஸ்பெக்டர் வரவில்லை. சாதாரணப் பெண்களும் ஆண்களும் வந்தார்கள். சினிமாவுக்கு விமர்சனம் எழுதுவது போல், இந்தச் சாமான்களுக்கு விமர்சனம் எழுதினார்கள்.

அது ஆபாச எழுத்து என்று பலர் எண்ணினார்கள். ஆனால் அவர்களில் சிறந்தவர்கள் கேட்ட கேள்விகள் வேறு. இது என்ன பொருளில் செய்தது? வாடை வருகிறதா? கழுவினால் சுத்தம் ஆகுமா? உள்ளே நழுவிப் போகாமல் அடிப்பாகம் அகலமாக இருக்கிறதா? பெட்டியில் எழுதியது உண்மையா?

சிலர் சாமான்களைக் கண்ணாடி ஜாடியில் போட்டு மாதக்கணக்கில் மூடி வைத்தார்கள். மட்டமான சரக்கு உருகியது. எண்ணெய் கசிந்தது. பக்கத்தில் இருந்த சாமானோடு ஒட்டிக்கொண்டது. நல்ல சிலிகோன் அப்படியே இருந்தது. படத்தைப் பார்த்தவர்கள் திடுக்கிட்டார்கள். கடைகளில் 'தாலேட் இல்லை' என்ற சீட்டுகள் முளைத்தன.

விமர்சகர்களிடமும் குறை உண்டு. வீட்டு ஜாடி, ஆராய்ச்சிக்கூடம் ஆகாது. கம்பெனிகள் அவர்களுக்குச் சரக்கை இலவசமாக அனுப்புகின்றன. விற்றால் கமிஷனும் தருகின்றன. உப்பிட்டவரைப் பழித்து எழுதக் கை வருமா? இலவசமாக வாங்கியதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று அமெரிக்க மத்திய வர்த்தகக் கமிஷன் 2009-ல் விதி செய்தது. எல்லாச் சரக்குகளின் விமர்சனத்துக்கும் அது பொருந்தும்.

சட்டம் என்ன செய்தது?

அமெரிக்காவில் அலபாமா ராஜ்யம் 1998-ல் இந்தச் சாமான்களை விற்கத் தடை போட்டது. மீறினால் முதல் குற்றத்துக்கே பத்தாயிரம் டாலர் வரை அபராதம். ஓர் ஆண்டு வரை சிறை. ஆனால் மருத்துவத்துக்கு என்றால் விலக்கு உண்டு! டெக்சாசில் இருந்த இதே போன்ற சட்டத்தை 2008-ல் மத்திய அப்பீல் கோர்ட்டு செல்லாது என்று தள்ளியது.

இந்தியாவிலும் வழக்கு வந்தது. ஆபாசப் பொருள்களை இறக்குமதி செய்யக் கூடாது என்று 1964-ல் சுங்க இலாகா உத்தரவு போட்டு இருந்தது. அதைக் காட்டி, வெளிநாட்டில் இருந்து வந்த உடல் பிடித்துவிடும் கருவிகளை அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். "இவற்றை அந்தரங்கச் சாதனமாகவும் உபயோகிக்கலாம்" என்றார்கள். 2024 மார்ச்சில் பம்பாய் ஐகோர்ட்டு அதை ஏற்கவில்லை. உள்நாட்டில் தாராளமாக விற்கும் பொருளை, இப்படியும் உபயோகிக்கலாம் என்ற கற்பனையை வைத்துத் தடுக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அலபாமா ஆனாலும் சரி, சுங்க இலாகா ஆனாலும் சரி, சட்டம் கேட்டது ஒரே கேள்விதான். 'இது ஆபாசமா?' என்பதே அது. 'இது ஆபத்தா?' என்று கேட்கவில்லை! அதனால்தான் வியாபாரி 'வேடிக்கைச் சாமான்' என்றும், 'உடம்பு பிடிக்கும் கருவி' என்றும் பெயர் மாற்றி விற்றான். பெயர் மாறியபோது பொறுப்பும் பறந்தது.

டாக்டர் போட்ட பிள்ளையார் சுழி

கடைசியில் அந்தக் கேள்வியைக் கேட்டவர் சுவீடன் நாட்டு அறுவை டாக்டர் ஒருவர். உடலுக்குள் நழுவிப் போன சாமான்களை ஆஸ்பத்திரியில் எடுத்து எடுத்து அவர் அலுத்துப் போனார். அடிப்பாகம் அகலமாக இருந்தால் இந்த ஆபத்து வராது. இதற்கு ஓர் அளவுகோல் வேண்டும் என்று தம் நாட்டுத் தரக் கழகத்திடம் முறையிட்டார்.

அது உலகத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ. வரை போனது. 2021-ல் '3533' என்ற எண்ணுடன் தர விதி பிறந்தது. எந்தப் பொருளில் செய்யலாம், வடிவம் எப்படி இருக்க வேண்டும், பெட்டியில் என்ன எழுத வேண்டும் என்று அது சொல்லுகிறது.

ஆனால் அது கட்டாயம் அல்ல. விரும்புகிறவர் கடைப்பிடிக்கலாம். சிறு பட்டறைக்காரருக்குச் சோதனைச் செலவே பெரிய சுமை. மலிவுச் சரக்குக்காரனுக்கோ அக்கறையே இல்லை.

புதிய ஆபத்தும் வந்துவிட்டது. செல்போனுடன் இணையும் சாதனங்கள் வந்திருக்கின்றன. ஒரு கனடாக் கம்பெனியின் சாதனம், எப்போது, எப்படி உபயோகித்தார்கள் என்ற விவரத்தைக் கம்பெனிக்கே அனுப்பியது! 2016-ல் அமெரிக்காவில் வழக்கு வந்தது. 2017-ல் கம்பெனி சுமார் 37½ லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டது. வெட்கப்பட்டு மறைத்த ரகசியத்தைக் கணக்கு எடுத்தவன் வெட்கப்படவில்லை.

குழந்தையின் பொம்மைக்கு ஏன் சட்டம் வந்தது? தாய்மார்கள் வாய் திறந்து கேட்டார்கள். ஊனமுற்றவர்கள் கூடிப் பேசியதால் டங்கனின் சிலிகோன் வந்தது. விமர்சகர்கள் கூசாமல் எழுதியதால் ஜாடியில் இருந்த உண்மை வெளிவந்தது. டாக்டர் முறையிட்டதால் தர விதி பிறந்தது.

படுக்கை அறைக்குக் கதவு வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதவு, கலப்படக்காரன் ஒளிந்துகொள்ளும் இடமாக ஆகிவிடக் கூடாது.