களைப்புக்குக் குளிசை வாங்குமுன் ஸ்டொக் பாருங்கள்

இறாக்கையில் எந்தச் சாமான் குறைந்திருக்கிறது என்று பார்க்காமல் ஓடர் கொடுக்கும் வியாபாரி நம்மில் யாராவது உண்டா? ஸ்டொக் பார்த்த பிறகுதான் செக் எழுதுவோம். ஆனால் அதே வியாபாரி, உடம்பு அசதியாக இருக்கிறது என்றால் ஒன்றையும் பார்க்காமல் பாமஸிக்குப் போய், "நல்ல விற்றமின் ஒரு போத்தல் தாங்க" என்கிறார். வெள்ளவத்தை காலி வீதியிலும் கொட்டாஞ்சேனையிலும் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நாற்பது வயதைத் தாண்டிய நம்மவர்களில் களைப்பு என்று சொல்லாதவர் குறைவு.

விற்றமினில் பயனில்லை என்று நான் சொல்ல வரவில்லை. 'பெரிபெரி' என்றொரு நோய் உண்டு. அந்தப் பெயரே "முடியாது" என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசியையே உண்டவர்கள் கால் சோர்ந்து, நெஞ்சு வீங்கி மடிந்தார்கள். 1890களில் ஜாவாவில் வேலை பார்த்த ஐக்மன் என்ற டச்சு வைத்தியர், தீட்டிய அரிசி தின்ற கோழிகளுக்கு அதே போன்ற நோய் வருவதையும், தவிட்டோடு கூடிய அரிசி கொடுத்தால் குணமாவதையும் கண்டார். தவிட்டில் இருந்தது பி1 விற்றமின். இதற்காக 1929இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. இதிலுள்ள பாடம் என்ன? குறை இருந்த இடத்தில் குறைந்த பொருளைக் கொடுத்தார்கள், நோய் போனது. குறை இல்லாத உடம்பில் அதே குளிசை வெறும் செலவு.

எது குறைகிறது?

2018-2019இல் நடந்த தேசிய ஆய்வொன்றின்படி, நாட்டில் வயதுவந்தவர்களில் ஐவரில் ஒருவருக்கு மேல் சீனி வருத்தம். அவர்களில் பலர் மெட்போமின் குளிசை பாவிக்கிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் ஆண்டுக்கணக்கில் எடுக்கும்போது பி12 விற்றமின் உடம்பில் சேர்வதை அது குறைக்கலாம். களைப்பு, கால் விறைப்பு, நாக்கு எரிவு போன்றவை இருந்தால் பி12 அளவைப் பரிசோதிக்குமாறு பிரித்தானிய மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2022இல் வைத்தியர்களுக்கு அறிவித்தது. இறைச்சியும் மீனும் தாராளமாகச் சாப்பிடும் எமக்கு எப்படி பி12 குறையும் என்று கேட்பீர்கள். கொள்கலன் துறைமுகத்துக்கு வந்துவிட்டது, ஆனால் கிளியர் ஆகவில்லை. அதுதான் விடயம். இதற்காக மெட்போமினை நீங்களாக நிறுத்தி விடாதீர்கள். வைத்தியரிடம் கேளுங்கள்.

அயன் குளிசையின் கதை இன்னும் பாரதூரமானது. ஐம்பது வயது ஆணுக்கு இரும்புச்சத்துக் குறைந்தால், வயிற்றிலோ குடலிலோ சிறிது சிறிதாக இரத்தம் கசிகிறதா என்று பார்க்க வேண்டும். காரணம் புண்ணாக இருக்கலாம், மூலமாக இருக்கலாம், சில வேளை புற்றுநோயாகவும் இருக்கலாம். காரணத்தைத் தேடாமல் குளிசை குடித்து, "இப்போது தெம்பாக இருக்கிறது" என்று இருந்து விடுவது, கல்லாப் பெட்டியின் ஓட்டையை அடைக்காமல் மேலே காசு போடுவது போன்றது.

தைரொயிட் குறைந்தாலும் களைப்பு வரும். சீனி கூடினாலும் வரும். இரவில் குறட்டையோடு மூச்சுத் தடைப்பட்டாலும் வரும். இவற்றில் எதற்கும் விற்றமின் போத்தல் மருந்தல்ல. அளவுக்கு மிஞ்சிய பி வகைகளில் பெரும்பகுதி சிறுநீரோடு போய்விடும். ஏ, டி விற்றமின்கள் அப்படியல்ல, உடம்பில் தேங்கும். டி மிதமிஞ்சினால் இரத்தத்தில் கல்சியம் கூடிச் சிறுநீரகமே பழுதாகலாம்.

முதலாளிக்குச் சட்டமில்லை

1954ஆம் ஆண்டின் கடை, காரியாலய ஊழியர் சட்டம், ஊழியருக்கு நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று வரையறுத்தது. முதலாளிக்கு அப்படி ஒன்றுமில்லை. காலையில் கதவு திறந்து, பகல் சோற்றைக் கல்லாவிலேயே மூன்று மணிக்குச் சாப்பிட்டு, இரவு பத்து மணிக்குக் கணக்கு முடித்து, திரும்பி வந்த செக்கை நினைத்து விடியும்வரை புரண்டு படுக்கிறோம். 2022இல் ரூபாய் விழுந்த பிறகு இந்தக் கவலை இன்னும் கூடியது. ஆறு மணித்தியாலத் தூக்கம்கூட இல்லாதவருக்குக் குறைந்திருப்பது விற்றமினா, நித்திரையா?

எனவே என் ஆலோசனை இதுதான். களைப்பு மூன்று, நான்கு வாரங்கள் தொடர்ந்தால் முதலில் வைத்தியரைப் பாருங்கள். இரத்த எண்ணிக்கை, சீனி, தைரொயிட், தேவைப்பட்டால் பி12 ஆகியவற்றைப் பார்க்கச் சொல்வார். அரசாங்க ஆஸ்பத்திரியில் வைத்தியரைக் காட்டக் காசில்லை. குறை தெரிந்தால் அந்த ஒன்றை மட்டும், வர்த்தகப் பெயரால் அல்ல, மருந்தின் சொந்தப் பெயரால் கேட்டு வாங்குங்கள். 1971இல் உருவான அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனத்தின் முதல் தலைவர் பேராசிரியர் சேனக பிபிலே இந்த நாட்டுக்குச் சொல்லித் தந்த வழி அது. கெப்சியூல் என்றால் உறையின் ஜெலட்டின் எதிலிருந்து வந்தது என்பதையும் லேபலில் பாருங்கள். சாப்பாட்டோடு பிளேன்டீ குடிப்பதை ஒரு மணித்தியாலம் தள்ளிப் போடுங்கள், சோற்றிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்து கூடுதலாகச் சேரும்.

பாமஸி நடத்தும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. விற்றமின் கேட்டு வருபவரிடம், "சீனிக்கு என்ன குளிசை பாவிக்கிறீங்க, எத்தனை வருஷமாக?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். ஒரு போத்தல் விற்பனை குறையலாம். ஆனால் அந்த வாடிக்கையாளர் இருபது வருடம் உங்கள் கடைக்கு வருவார்.