இருவகை நூலும் பிறர் கையில்!

சங்கரன்கோவிலில் தறியோசை கேளாத தெரு அரிது. சேலையும் துண்டும் நெய்து வெளியூர்களுக்கு விடுக்கும் இவ்வூரில், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை விசைத்தறிகள் வாயடைத்து நிற்கின்றன. கூலி உயர்வு வேண்டித் தொழிலாளர் வெளியே அமர்வர். “நூல் விலை ஏறிவிட்டது, எங்களால் இயலாது” என்று தறியுடைமையர் கைவிரிப்பர். அரசு அலுவலர் இடையில் அமர்ந்து ஒரு விழுக்காட்டைச் சொல்லி வைப்பார். கையொப்பமாகும், தறி மீண்டும் ஓடும். இவருள் எவரும் பொய் கூறவில்லை. தொழிலாளி வீட்டில் உலையிட அரிசி வேண்டும் என்பதும் மெய். நூற் பொதியின் விலை தறியுடைமையன் கைக்கு மீறியது என்பதும் மெய். ஆனால், நூல் விலை ஏன் ஏறிற்று, யார் ஏற்றினார், ஏறியதால் எவன் பெட்டி நிறைந்தது என்னும் வினா மட்டும் அப் பேச்சில் எழுவதே யில்லை. எழுந்தாலும் விடை கூறுவார் அங்கு இலர்.

அவ் வினாவுக்கு விடை தேடுவதற்கென்றே உலகப் பல்கலைக்கழகங்கள் முதுகலை வகுப்பில் ஒரு துறையை நடத்தி வருகின்றன. பன்னாட்டு அரசியற் பொருளியல் என்பது அதன் பெயர். பொருளியலார் விலையைப் பார்த்தனர். விலைக்குப் பின்னிருந்த வல்லாண்மையைப் பாராதிருந்தனர். அரசியலறிஞர் படையையும் உடன்படிக்கையையும் பார்த்தனர்; பஞ்சுப் பொதியையும் கடன் பொத்தகத்தையும் பாராதிருந்தனர். இவ்விரு சாராரும் ஒருவரை யொருவர் புறக்கணித்து வந்ததை 1970இல் சூசன் இசுட்ரேஞ்சு என்னும் ஆங்கிலேய அம்மையார் ஒரு கட்டுரையில் இடித்துரைத்தார். இதழாளராய் இருந்து பேராசிரியரானவர் அவர். அதனாற்றான் போலும், எழுத்தில் மழுப்பல் இல்லை. 1988இல் வெளிவந்த தம் நூலில், உலகை ஆட்டிப் படைக்கும் ஆற்றல் நான்கு இடங்களில் உறைகின்றது என்றார்: காவல், ஆக்கம், பணம், அறிவு. படையுடையவனும் ஆலையுடையவனும் கடன் கொடுப்பவனும் ஆள்வதை நம் மக்கள் கண்ணாரக் கண்டிருக்கின்றனர். எது அறிவு, அஃது எம் மொழியில் இருக்கும், எவர்க்குக் கிட்டும் என்று வரையறுப்பவனும் அவர்களுக்கு ஈடாகவே ஆள்கிறான் என்பதைத் தமிழர் இன்னும் ஊன்றி எண்ணவில்லை.

கொள்கை பேசிக் காலங் கழியாமல் ஊருக்கே வருவோம். குருவிகுளம், திருவேங்கடம் பக்கத்துக் கரிசற் காட்டில் அண்ணன் பருத்தி விதைக்கிறான் என்றும், தம்பி சங்கரன்கோவிலில் நான்கு தறி போட்டிருக்கிறான் என்றும் வைத்துக் கொள்வோம். 2021 பிப்பிரவரியில் நடுவணரசு வெளிநாட்டுப் பஞ்சின்மீது 11 விழுக்காடு இறக்குமதித் தீர்வை விதித்தது. அண்ணனுக்கு அது வேலி. தம்பிக்கு அது சுமை. 2022 ஏப்பிரல் 14 முதல் அதே அரசு அத் தீர்வையை நீக்கிற்று. அந் நீக்கம் அவ் வாண்டு அற்றோபர் முடிய நீடித்தது. தம்பி மூச்சு விட்டான். அண்ணன் வாய் பொத்தினான். 2025இல் அமெரிக்கா இந்தியச் சரக்குகள் பலவற்றின்மேல் 50 விழுக்காடு தீர்வையை ஆகத்து 27ஆம் நாள் நடைமுறைப்படுத்தியது. அதற்கு எட்டு நாள் முன்னதாகவே பருத்தித் தீர்வையைத் தில்லி மறுபடியும் நீக்கிப் பின்னர் அந் நீக்கத்தை அவ் வாண்டிறுதி வரை நீட்டியது. திருப்பூர்ப் பின்னலாடைக்கு அமெரிக்கக் கதவு குறுகிய அதே வேளையில், அமெரிக்கப் பஞ்சுக்கு நம் துறைமுகக் கதவு அகன்றது. இவ் வாணைகளுள் எதுவும் அண்ணனைக் கேட்டும் பிறக்கவில்லை. தம்பியைக் கேட்டும் பிறக்கவில்லை. இவ்வூர்க் கோயிலில் ஓருடம்பில் இரு தெய்வத்தைக் காட்டியிருக்கின்றனர் முன்னோர். தில்லியாணையோ ஒரே வீட்டில் இரு பகை நலன்களை மூட்டிவிட்டு எட்ட நின்று பார்க்கின்றது.

தில்லிக்கு யார் குரல் எட்டும் என்று அறிய விரும்புவார்க்கு 2012 மார்ச்சு நல்ல பாடம். அத் திங்கள் 5ஆம் நாள் பருத்தி ஏற்றுமதிக்குத் தடை வந்தது. குசராத்தின் அன்றைய முதலமைச்சர் நரேந்திர மோடி எதிர்த்தார். நடுவண் வேளாண் அமைச்சராயிருந்த சரத்து பவார் தம்மைக் கேளாமல் செய்யப்பட்டதென்று சினந்தார். ஏறத்தாழ ஒரு கிழமைக்குள் தடை பின்வாங்கப் பெற்றது. தம் உழவர்க்காக அவர்கள் வாதாடியதை நாம் குறை கூறோம், வாதாட வேண்டியதே. நம் நிலைமைதான் எண்ணத்தக்கது. இந்திய நூற்பாலைத் திறனில் ஏறத்தாழப் பாதி தமிழ்நாட்டில் உள்ளது; ஆலைக்கு வேண்டும் பருத்தியிலோ மிகப் பெரும் பகுதி குசராத்து, மராட்டியம், தெலுங்கானா ஆகிய மாநிலங்களினின்று வருகின்றது. விளைப்பவனுக்கு இருந்த குரல் நெய்பவனுக்கு இல்லை. அதற்கும் ஓராண்டு முன்பு, 2011 மார்ச்சில், உலகச் சந்தையில் பஞ்சு விலை இறாத்தலுக்கு இரண்டு தாலரைக் கடந்து சென்று, அவ் வாண்டு முடியுமுன் அதிற் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. பாகித்தானின் பெருவெள்ளம், சீனத்தின் கொள்முதல், நியூயார்க்கு முன்பேர வணிகரின் சூதாட்டம், நூல் ஏற்றுமதிக்குத் தில்லி அவ் வாண்டு இட்ட 72 கோடிக் கிலோ வரம்பு, இத்தனை புரிகளும் சேர்ந்து முறுக்கிய கயிற்றின் மறுமுனை நம் தறிக்காரன் கழுத்தில் கிடந்தது. அவனோ உள்ளூர் நூல் வணிகனை ஏசிவிட்டு வீடு திரும்பினான்.

இஃது இன்று நேற்று வந்ததன்று. 1861 முதல் 1865 வரை அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இலங்காசயர் ஆலைகளுக்கு அமெரிக்கப் பஞ்சு கிட்டாமற் போகவே, இலிவர்பூல் வணிகர் திருநெல்வேலிப் பருத்தியைத் தேடி வந்தனர். கரிசற் சீமையில் பணம் புரண்டது. போர் ஓய்ந்தது, விலை சரிந்தது. அமெரிக்கத் தென்னாட்டு அடிமைகளின் விடுதலைப் போருக்கும் தன் கொல்லைப் பருத்திக்கும் உள்ள உறவை அக் காலத்து உழவன் எங்ஙனம் அறிவான்? அறிந்து எதிர்த்தவர் ஒருவர் பிற்காலத்தில் இம் மண்ணிற் பிறந்தார். வ.உ. சிதம்பரனார் 1906இல் சுதேசிக் கப்பற் குழுமம் தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டார். வெள்ளையர் குழுமம் கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் இலவயமாகவே ஏற்றிச் சென்றது. 1908 பிப்பிரவரியில் தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தத்துக்கு அவர் துணை நின்றார். மார்ச்சு 12ஆம் நாள் அவரைச் சிறைப்படுத்தியது ஆங்கில அரசு. கட்டண வெட்டு, ஆலைக் கூலி, சிறைக் கதவு மூன்றும் ஒரே ஆட்சியின் மூன்று கைகள் என்று கண்டுகொள்ள அவர்க்கு எப் பல்கலைக்கழகமும் தேவைப்படவில்லை. ஆயினும் அவரைப் போல் எல்லாரும் பட்டுத்தான் அறிய வேண்டும் என்பது என்ன முறை?

இனி, பிரேசிலைப் பார்க்க. அமெரிக்கா தன் பருத்தி உழவர் ஏறத்தாழ 25,000 பெயருக்கு 2001-02இல் 300 கோடித் தாலருக்கு மேல் நல்கை வழங்கியது. அந் நல்கையால் உலக விலை தாழ்ந்து ஏழை நாட்டு உழவர் நொடித்தனர். 2002 செப்பிடம்பரில் பிரேசில் உலக வணிக அமைப்பில் அமெரிக்காமேல் வழக்குத் தொடுத்தது. 2005இல் மேல்முறையீட்டிலும் வென்றது. அமெரிக்கா இழுத்தடித்தது. ‘உன் சரக்குக்குத் தீர்வை போடுவேன், உன் காப்புரிமைகளையும் மதியேன்’ என்று பிரேசில் மிரட்டிய பிறகே, 2010இல் ஆண்டுக்கு 14 கோடியே 73 இலக்கம் தாலர் தர அமெரிக்கா இசைந்தது, 2014இல் மேலும் 30 கோடித் தாலர் கொடுத்து வழக்கை முடித்துக் கொண்டது. வழக்குத் தொடுத்த நாளில் பிரேசிலின் குடியரசுத் தலைவராய் இருந்தவர் பெர்னாண்டோ என்றிக்கே கார்டோசோ. அவர் யார்? 1960களில் நாட்டை விட்டு வெளியேற நேர்ந்து, சிலி நாட்டுத் தலைநகரில் இருந்துகொண்டு, என்சோ பலேட்டோ என்பாரோடு இணைந்து, வல்லரசுகளைச் சார்ந்து கிடக்கும் நாடுகளின் பொருளியல் பற்றி நூல் எழுதிய அறிஞர். அந்நூல் 1969இல் வெளிவந்தது, இசுப்பானிய மொழியில். ஆங்கிலத்தில் வர மேலும் பத்தாண்டு சென்றது. இலத்தீன் அமெரிக்கர் தம் சிக்கலைத் தம் மொழியில் எண்ணினர். ஆங்கிலப் பேராசிரியர் அதை மொழிபெயர்த்துப் படித்தனர். இன்று இத் துறையில் முதுகலை பயிலும் மாணவன் அச் சார்புநிலைக் கொள்கையைப் படியாமல் தேற முடியாது. அந்த நூலால்தான் அந்த வழக்கு வென்றது என்று நாம் நேர்க்கோடு இழுக்கவில்லை. தன் மொழியில் எண்ணிப் பழகிய நாட்டில் வழக்காடத் தெரிந்தவர் கிடைத்தனர் என்றே கூறுகின்றோம்.

நம் நாட்டில்? நெசவாளி மகள் ஒருத்தி பள்ளியிலும் இளங்கலையிலும் தமிழ்வழியில் பொருளியல் படித்துத் தேறுகிறாள். முதுகலைக்குப் போனால், தேர்வைத் தமிழில் எழுத இசைவு இருக்கும் இடத்திலும், கையில் ஏந்த வேண்டிய நூல்கள் ஆங்கிலம். கடைத்தெருவில் விற்கும் வினா-விடைச் சுருக்கத்தை உருப்போட்டுப் பட்டம் வாங்குகிறாள். தன் தந்தையின் தறி ஏன் நின்றது என்பதற்கு அதில் ஒரு வரியும் இல்லை. பன்னாட்டு அரசியற் பொருளியல் என்னும் துறையோ தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் எதிலும் தமிழ்வழி முதுகலையாகக் கற்பிக்கப் படவில்லை. ஆங்கிலம் கைவந்த சிலர் தில்லிக்கும் இலண்டனுக்கும் சென்று கற்கின்றனர். கற்றபின் அவர் எழுதுவதும் ஆங்கிலமே, எழுதப்படுவதும் ஆங்கிலம் படிப்பார்க்கே. மால்கம் ஆதிசேசையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தமிழ்நாட்டுப் பொருள்நிலையை ஆழ ஆய்ந்து பல அரிய ஏடுகளை ஆக்கியது. அவற்றுட் பெரும்பாலன ஆங்கிலத்திலேயே கிடக்கின்றன. ஆய்வு செய்யப்பட்டவன் படிக்கவியலாத ஆய்வு அது. கோவை இரா.க. சண்முகனார் 1944இல் பிரெட்டன் ஊட்சு மாநாட்டில், உலக வைப்பகமும் பன்னாட்டுப் பண நிதியமும் உருவான அவையில், இந்தியக் குழுவுள் ஒருவராய் அமர்ந்திருந்தார். சிலப்பதிகாரப் புகார்க் காண்டத்துக்கு உரை கண்ட தமிழ்ப் புலமை அவர்க்கு உண்டு. மாதவியின் ஆடலுக்குக் கிட்டிய உரை, அம் மாநாட்டு ஒப்பந்தத்துக்குத் தமிழில் கிட்டவில்லையே என்று எண்ணும்போது நெஞ்சு வேகின்றது.

‘தமிழில் சொல் இல்லை’ என்பர். தீர்வை, நல்கை, கடன் ஈடு, மதிப்பிறக்கம், ஏற்றுமதி வரம்பு, சார்புநிலை, முற்றூட்டு ஆகிய இச் சொற்களை இதுகாறும் படித்து வந்த நீங்கள் எங்கேனும் தடுக்கி விழுந்தீர்களா? மார்க்சின் மூலதனம் தமிழில் வந்திருக்கின்றது. எசு. நீலகண்டன் ஆடம் சுமித்து முதல் மார்க்சு வரையான செவ்வியல் அரசியற் பொருளியலைத் தமிழிலேயே எழுதிக் காட்டினார். 1960களிலும் 1970களிலும் கல்லூரிப் பாடநூல்கள் நூற்றுக்கணக்கில் தமிழில் அச்சேறின. சொல் இல்லாமற் போகவில்லை. தொடர்ந்து செய்யும் முனைப்புப் போயிற்று.

‘வேலை கிடைக்குமா’ என்பர் வேறு சிலர். முறையான கேள்வி, ஏழைப் பெற்றோர் கேட்பதில் இழுக்கில்லை. தமிழ்வழி பயின்றார்க்கு அரசுப் பணியில் 20 விழுக்காடு முன்னுரிமை தரும் சட்டம் 2010 முதல் உண்டு. சட்டம் இருக்க, அதற்குரிய முதுகலை நூல்கள் இல்லையென்றால், அது கூரையில்லா வீட்டுக்குப் பூட்டுப் போட்டது போலாம். ஆங்கிலத்தைக் கல்லாதே என்றும் நாம் கூறவில்லை. இத் துறையைக் கற்பவன் ஆங்கிலமும் கற்கட்டும், இயன்றால் சீனமும் இசுப்பானியமும் கற்கட்டும். வணிக உடன்படிக்கையை அது எழுதப்பட்ட மொழியிலேயே படித்துப் பொடியெழுத்தில் ஒளித்த சூழ்ச்சியைப் பிடிக்கட்டும். பிடித்ததைத் தமிழில் எழுதட்டும். பழம் புகாரில் சுங்கப் பொதிமேல் புலிப்பொறி இட்டதைக் கூறி மேடையில் மார் தட்டுவோர், இன்றைய பொதிமேல் எவன் பொறி இடுகிறான் என்றும் சொல்லத் தெரிந்துகொண்டு மேடையேறட்டும்.

நெல்லையில் 1990இல் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், தமிழ்த்தாய் வாழ்த்துப் பாடியவர் பெயரையே தாங்கி நிற்பது. பருத்தி விளையும் காடும், அதை நெய்யும் தறியும், ஏற்றும் துறைமுகமும் அதைச் சூழ்ந்திருக்கின்றன. பன்னாட்டு அரசியற் பொருளியலைத் தமிழ்வழி முதுகலையாக முதலில் தொடங்க இதனினும் தக்க இடம் வேறில்லை. பல்கலைக்கழகத்தார்க்கும் உயர்கல்வி அமைச்சர்க்கும் இதனை எழுதுங்கள். ஊர்தோறும் நெசவாளர் மன்றங்களில் தீர்மானம் இயற்றி விடுங்கள். பாடநூல் கழகம் முதற்கண் பத்து நூல்களை ஆக்கித் தரட்டும்: கார்டோசோவும் இசுட்ரேஞ்சும் அவற்றுள் இருக்கட்டும், பாதியேனும் தமிழராற் புதிதாய் எழுதப்பட்டவையாக இருக்கட்டும்.

முதலாண்டு மாணவர்க்கு ஆய்வுத் தலைப்பு ஒன்றையும் நாமே தருகின்றோம்: ‘2010 முதல் 2025 வரை தில்லியின் பருத்தி யாணைகளும் சங்கரன்கோவில் கூலி ஒப்பந்தங்களும்.’ தில்லியாணைகள் அரசிதழில் நாளிட்டு உள்ளன. ஒப்பந்தத் தாள்கள் தறிக்கூடத்து இரும்புப் பெட்டிகளிலும் தொழிற்கழகக் கட்டுகளிலும் மடித்து வைத்தபடி இருக்கின்றன. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாள்வாரியாக ஒப்பிட்டு எழுதும் முதல் மாணவரின் ஏட்டை இவ் விதழ் முழுமையாக வெளியிடும்.