மின்சாரச் சந்தையும் சிறு அங்கத்தினரும்

நூலை எந்த ஆலையில் வாங்குவது என்று நெசவாளர் சங்கம் தீர்மானிக்கிறது. மஞ்சளை எந்த மண்டிக்கு அனுப்புவது என்று விவசாயி தீர்மானிக்கிறார். மின்சாரம் ஒன்றை மட்டும் ஒரே இடத்தில், கேட்ட விலைக்கு வாங்குவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. இவ்வழக்கத்தை 2003ஆம் வருஷத்து மின்சாரச் சட்டம் தளர்த்தியது. கம்பிகள் எவருக்குச் சொந்தமாயினும், உரிய கூலியைப் பெற்றுக்கொண்டு பிறருடைய மின்சாரத்தையும் அவற்றின் வழியே விடவேண்டும் என்பது அச்சட்டத்தின் முக்கிய ஏற்பாடுகளுள் ஒன்று. 2008இல் மின்சார எக்ஸ்சேஞ்சுகளும் தோன்றி, ஏலமுறையில் வியாபாரம் நடக்கலாயிற்று.

சந்தை திறந்தவுடன் விலை இறங்கிவிடும் என்று சிலர் நம்புகின்றனர். அந்நம்பிக்கை முழுவதும் சரியன்று. முதலாவது, பாதை வேண்டும். 2008 முதல் சில வருஷங்கள் தமிழ்நாட்டுத் தறிகள் மின்வெட்டினால் நின்றதை அங்கத்தினர்கள் மறந்திருக்கமாட்டார்கள். வடக்கே விற்பதற்கு மின்சாரம் இருந்தபோதும் தெற்கே கொணரும் பாதை குறுகலாயிருந்தமையால், ஒரே எக்ஸ்சேஞ்சில் தென்னாட்டார் அதிக விலை கொடுக்க நேர்ந்தது. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதையினால் தென்னாட்டு மின்தொகுப்பு ஏனைய பாரதத்துடன் இணைந்த பின்னரே நிலைமை சீர்படத் தொடங்கியது. பாதைக்கு இடம் கொடுப்பவர் விவசாயி. உயர்மின் கோபுரங்களுக்கு நியாயமான நஷ்டஈடு கேட்டு 2018இல் கொங்கு நாட்டு விவசாயிகள் போராடியதை வெறும் இடையூறு என்று ஒதுக்குதல் தகாது.

இரண்டாவது, நடுவர் வேண்டும். 2022 மார்ச்சில் எக்ஸ்சேஞ்சு விலை யூனிட்டுக்கு 20 ரூபாயைத் தொட்டது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் ஏப்ரலில் 12 ரூபாய் என்றும், மறுவருஷம் 10 ரூபாய் என்றும் உச்சவரம்பு விதித்தது. தேசங்களுக்கிடையே நடக்கும் வியாபாரத்துக்கும் அவ்வாணையம் 2019இல் விதிகள் வகுத்தது. 2024 நவம்பர் 15 அன்று நேபாளத்தின் 40 மெகாவாட் மின்சாரம் இந்தியக் கம்பிகளின் வழியே வங்காளதேசத்தை அடைந்தது. மூன்று தேசங்களின் ஸ்தாபனங்களும் முன்னதாகவே ஒப்பந்தம் செய்துகொண்டதனாலேயே இது சாத்தியமாயிற்று. எல்லை கடந்த வியாபாரமும் விதிக்குக் கட்டுப்பட்டே நடக்கமுடியும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மூன்றாவதே நமக்கு முக்கியம். பம்புசெட்டுக்குக் கட்டணமில்லை, விசைத்தறிக்கு இரு மாதங்களுக்கு 1000 யூனிட் இலவசம் என்று 2023இல் அறிவிக்கப்பட்டது, ஆகவே சந்தை நமக்கெதற்கு என்று அங்கத்தினர் கேட்கக்கூடும். சிறு நுகர்வோரின் சலுகைச் சுமையில் ஒரு பகுதியைச் சர்க்கார் மானியம் தாங்குகிறது. மற்றொரு பகுதியைப் பெரிய ஆலைகளும் வியாபார ஸ்தாபனங்களும் செலுத்தும் உயர்ந்த கட்டணம் தாங்குகிறது. அவர்கள் வெளிச்சந்தைக்குச் சென்றுவிட்டால் சுமை யார் தோளில் விழும்? இதற்காகவே வெளியேறுவோர் மீது கூடுதல் தீர்வை விதிக்கச் சட்டம் இடமளிக்கிறது. அதனைப் படிப்படியாகக் குறைக்கவேண்டும் என்றும் அதே சட்டம் கூறுகிறது. குறைக்கட்டும்; ஆனால் குறைகின்ற ஒவ்வொரு ரூபாயையும் ஈடுகட்டுபவர் யார் என்பதைச் சொல்லிவிட்டுக் குறைக்கவேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

சந்தைக்குள் நுழையும் வாயிலும் சிறியோருக்கு எட்டாத உயரத்தில் இருக்கிறது. சட்டம் உறுதியளித்த உரிமை 1 மெகாவாட்டுக்கு மேற்பட்டோருக்கே. சூரிய ஒளி, காற்று முதலியவற்றால் ஆகும் மின்சாரத்துக்கு மட்டும் 2022ஆம் வருஷத்து விதிகள் வரம்பை 100 கிலோவாட்டாகக் குறைத்தன. ஒரே மின் கோட்டத்திலுள்ள பல இணைப்புகளைக் கூட்டி அவ்வரம்பை எட்டலாம் என 2023இல் திருத்தமும் வந்தது. சில குதிரைத்திறனே உள்ள தறிக்காரர் தனியே இதனை எட்ட முடியாது. சங்கத்தையே ஒரு நுகர்வோராகக் கருதி, அங்கத்தினரின் இணைப்புகள் அனைத்தையும் ஒன்றாகக் கூட்ட விதியில் தெளிவாக இடமளிக்கவேண்டும்.

இது நடவாத காரியமன்று. இன்றைய தெலங்கானாவில், நெசவுக்குப் பேர்பெற்ற சிரிசில்லாவில், 1970இல் ஏற்பட்ட கூட்டுறவு மின் விநியோகச் சங்கம் மின்சாரத்தை மொத்தமாக வாங்கி விசைத்தறிகளுக்கும் பம்புசெட்டுகளுக்கும் வழங்கி வந்திருக்கிறது.

கட்டணம் நிர்ணயிக்குமுன் பொதுமக்களின் யோசனைகளையும் ஆட்சேபங்களையும் ஆணையம் பரிசீலிக்கவேண்டும் என்பது சட்டம். ஆலை முதலாளிகளின் சங்கங்கள் தம் மனுக்களைத் தவறாமல் கொடுக்கின்றன. நம் சங்கங்களும் அங்கத்தினரின் மின்பளுவையும், மாதாந்தரச் செலவையும், இழந்த வேலை நேரத்தையும் கணக்கெடுத்து, அடுத்த பொதுக்குழுவில் தீர்மானம் நிறைவேற்றி, மாநில ஆணையத்துக்கு அனுப்பவேண்டும். விதிகள் எழுதப்படும்போது மௌனமாயிருந்துவிட்டுப் பில் வந்தபின் வருந்துவதில் பயனில்லை.