மதிப்பீட்டு அறையில் பெற்றோரே சாட்சிகள்



மக்தபுக்கு வரும் பிள்ளைகளுள் சிலர் பெயர் சொல்லி அழைத்தாலும் திரும்புவதில்லை, முகம் நோக்குவதில்லை, கேட்ட கேள்வியையே விடையாகத் திருப்பிச் சொல்கின்றனர். ஆட்டிசமா என மருத்துவரிடம் காட்டுமாறு நாம் கூறினால் பெற்றோர் அஞ்சுகின்றனர். அங்கே என்ன நடக்கும் என்பதை அறியாமையே அவ்வச்சத்தின் பாதி.

இரத்தப் பரிசோதனையோ ஸ்கேன் படமோ ஆட்டிசத்தைக் காட்டித் தருவதில்லை. காது கேளாத பிள்ளையும் அழைப்புக்குத் திரும்பாது என்பதால் செவித்திறனைச் சோதிப்பர். பின்னர்ப் பிள்ளையை விளையாட விட்டுக் கவனிப்பர். பெற்றோரிடம் நெடுநேரம் வினவுவர். ஒரே நாளில் முடியாமலும் போகலாம். நம் நாட்டில் சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோல், 6 பிரிவுகளில் 40 கூறுகளைக் கொண்டது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். மொத்தம் 70க்குக் குறைந்தால் ஆட்டிசம் இல்லை. 70 முதல் 106 வரை லேசானது. 107 முதல் 153 வரை நடுத்தரமானது. அதற்கு மேல் கடுமையானது.

அறிமுகமற்ற அறையில் சிறிது நேரம் காணும் மருத்துவருக்குப் பிள்ளையின் உறக்கமும் உணவும் பிடிவாதமும் தெரியா. உடன் வாழ்வோரே அவற்றின் சாட்சிகள். ஆனால் மூத்த மகளின் நிக்காஹ் தடைப்படுமோ, புகுந்த வீட்டார் தாயைப் பழிப்பரோ என்றஞ்சிப் பலர் குறைத்துச் சொல்கின்றனர். "இவன் அத்தாவும் தாமதமாகத்தான் பேசினார்" என்று முடித்துவிடுகின்றனர். குறைத்துச் சொன்னால் மதிப்பெண்ணும் குறையும், பயிற்சி தள்ளிப்போகும், உரிமை கைநழுவும். உதவித்தொகை கருதி மிகைப்படுத்துவதும் அவ்வாறே தவறு. நமக்கும் உற்றாருக்கும் பாதகமாயினும் சாட்சியத்தில் நேர்மை தவறலாகாது என்பது சூரா அந்நிஸாவின் 135ஆம் வசனம் தரும் கட்டளை. அது நீதிமன்றத்துக்கு மட்டும் உரியதன்று.

தருமபுரி மாவட்டத்தில் உருது பேசும் குடும்பங்கள் பல. வீட்டில் உருதுவும் வெளியில் தமிழும் கேட்பதால் ஆட்டிசம் வருவதில்லை. எனினும் பிள்ளைக்குப் பழகிய மொழி எது என்பதை மருத்துவரிடம் முதலிலேயே கூறுங்கள். இல்லையேல் தமிழ் அறியாமை, பேச்சின்மையாகக் கொள்ளப்படலாம். தடுப்பூசி அட்டையையும், பிள்ளையின் இயல்பான நடத்தையைக் காட்டும் கைப்பேசிப் பதிவையும் உடன் கொண்டு செல்லுங்கள்.

ஓதிப் பார்ப்பதையும் துஆவையும் நாம் விடச் சொல்லவில்லை. அவற்றைக் காரணமாக்கி ஆண்டுகளைக் கடத்துவதையே வேண்டாம் என்கிறோம். ஒட்டகத்தைக் கட்டிய பின்னர்த் தவக்குல் வைப்பதே நபிவழி. பேச்சுப் பயிற்சியும் நடத்தைப் பயிற்சியும் இளவயதில் தொடங்குவதே நன்று.

தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவை முதலில் அணுகலாம். மேல் ஆலோசனைக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் தொலைவில் இல்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை ஏற்கிறது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் பாதிப்புள்ளோருக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமையுண்டு. நிராமயா திட்டத்தில் ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவக் காப்பீடும் கிடைக்கும். அடையாள அட்டைக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை நாடுக.

ஜமாஅத்துக்கும் கடமை உண்டு. பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களை முன்னிட்டே சூரா அபஸ இறங்கியது. அவ்வேதத்தை ஓதிக் கொடுக்கும் மக்தபுகள், சத்தமிடுகிறது என்பதற்காக ஒரு பிள்ளையைத் திருப்பி அனுப்பலாகாது. பிள்ளையை மறைக்க வேண்டிய தேவை சமூகத்தில் இல்லாதபோதுதான் பெற்றோரின் நாவிலும் உண்மை எளிதில் வரும்.

அல்லாஹ் இப்பிள்ளைகளின் காரியங்களை இலேசாக்குவானாக! பெற்றோருக்குப் பொறுமையும் நல்ல துணையும் அருள்வானாக! ஆமீன்.