"காய்ச்சல் இல்லை" என்பது போதுமான விடையா?

நோயாளியைப் பார்க்க வருவோரிடம், "காய்ச்சல் உண்டா? இருமல் உண்டா?" என்று வாயிலில் கேட்கிறோம். "இல்லை" என்றதும் உள்ளே அனுப்புகிறோம். அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம்? கொரோனாக் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களிடையே கண்டறியப்பட்ட இரு செய்திகள் இதைத் தெளிவாக்குகின்றன.

2020 மார்ச் மாதத்தில் 'தியோடர் ரூஸ்வெல்ட்' என்னும் விமானந்தாங்கிக் கப்பலில் தொற்று பரவியது. ஏறத்தாழ 4,800 பேரில் 1,271 பேருக்குப் பரிசோதனையில் தொற்று உறுதியானது. அவர்களில் நான்கில் மூன்று பங்குக்கும் மேலானோருக்குப் பரிசோதனையின்போது எந்த அறிகுறியும் இல்லை. பெரும்பாலோர் இளைஞர்கள், ஆயினும் ஓர் உயிர் பறிபோனது.

அதே ஆண்டில், மரைன் படையில் புதிதாகச் சேர்ந்தோரில் 1,848 பேர் ஓர் ஆய்வில் பங்கேற்றனர். இரு வாரம் வீட்டில் தனித்திருந்து வந்த அவர்களை மேலும் இரு வாரம் தனிமைக் கண்காணிப்பில் வைத்து, நாள்தோறும் உடல்வெப்பம் பார்த்து, அறிகுறிகளையும் கேட்டறிந்தனர். 51 பேருக்குத் தொற்று இருந்தது. அன்றாட விசாரிப்பால் அவர்களில் ஒருவர்கூடக் கண்டறியப்படவில்லை. குறித்த நாள்களில் அனைவருக்கும் செய்த பரிசோதனையே தொற்றைக் காட்டியது.

ஆகவே வாயிலில் கேட்பது வீண் என்று நாங்கள் கூறவில்லை. நோயுற்றிருப்பதை அறிந்தவரைத் தடுக்க அது உதவும். ஆனால் அதை மட்டுமே நம்புவது தவறு என்பதே எங்கள் கருத்து. திடமான இளைஞர் உணராமலே சுமந்து வரும் கிருமி, புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவருக்கும், சிறுநீரக மாற்று செய்துகொண்டவருக்கும், பச்சிளங்குழந்தைக்கும் உயிராபத்தாகலாம்.

எனவே, உடல் நலமாக இருப்பதாகத் தோன்றினாலும், தொற்று பரவும் காலங்களில் வார்டுக்குள் முகக்கவசம் அணியுங்கள். படுக்கையருகே செல்லுமுன் கைகளைக் கழுவுங்கள். ஒருவர் பின் ஒருவராக வாருங்கள். வீட்டில் எவருக்கேனும் சளி, காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள்.

உண்மையைச் சொன்னால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற அச்சம் பலருக்கு உண்டு. பெற்ற தாயைப் பார்க்க நெடுந்தொலைவிலிருந்து வந்தவரின் தவிப்பு எங்களுக்குப் புரியாததன்று. அவ்வாறு சொல்பவரைக் குற்றவாளிபோல் நடத்தாமல், காணொளியில் பேசவோ, வேறொரு உறவினர் துணையிருக்கவோ வழிசெய்வது மருத்துவமனையின் கடமை. அக்கடமையை நாங்கள் ஆற்றினால்தான் உங்களிடம் உண்மையை எதிர்பார்க்க எங்களுக்கு உரிமையுண்டு.